1.5 தாண்டியாச்சு என்றால் எல்லாம் முடிந்ததா?

பட்டர்வொர்த்_வாசி:
செந்தூல்காரர் நேற்று எழுதியது இன்னும் உறுத்துகிறது. "2024இல் உலக வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவை விட 1.5 டிகிரி தாண்டியாச்சு. இனி புகையைக் குறைப்பதும் வாய்க்கால் வெட்டுவதும் காசுக்குப் பிடித்த கேடு" என்றார். பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 பல ஆண்டுச் சராசரி ஐயா, ஒரு வருடக் கணக்கில்லை. சரி, தாண்டியதாகவே இருக்கட்டும். 1.5இல் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு அழியும், 2இல் 99க்கும் மேல் என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018இலேயே சொன்னது. பிழைக்கக்கூடிய அந்த மிச்சத்தையும் விட்டுவிடலாமா?

செந்தூல்_நேசன்:
2024க்கு உலக வானிலை அமைப்பு சொன்னது 1.55. அது 1.5ஐ விடப் பெரிதா, சிறிதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்_வாசி:
ஒரே ஒரு வருடம் ஐயா! 2017 நவம்பரில் பினாங்கில் வெள்ளம் வந்தபோது 7 பேர் இறந்தார்கள். மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் கட்டிலில் கிடக்கும் பாட்டியை முதல் நாளே மாடிக்கு ஏற்ற முடியும். வரப்போவது உறுதி என்றால் அந்த வேலை இன்னும் அவசரமாகிறது. இதில் என்ன கேடு?

கிள்ளான்_தம்பி:
வெள்ள நீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர், 2007இல் திறந்தார்கள். அது இருந்தும் 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளத்துக்குப் பயந்து கூரை மேல் ஏறி நின்றோம். எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பட்டர்வொர்த்_வாசி:
தம்பி, அது கோலாலம்பூர் நகர மையத்துக்காகக் கட்டியது. தாமான் ஸ்ரீ மூடா இருப்பது ஷா ஆலமில். அங்கே உங்களைக் காப்பாற்றப் படகோடு தன்னார்வலர்கள் வந்தார்களே, அவர்கள் 'எப்படியும் மூழ்கப்போகிறது' என்று வீட்டில் படுத்திருந்தால்?

கிள்ளான்_தம்பி:
கூரையில் நின்றவன் நான். நீங்கள் இல்லை.

செந்தூல்_நேசன்:
பேச்சை மாற்ற வேண்டாம். 1.55. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறீர்கள். உங்கள் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூசம் முடிந்ததும் பிளாஸ்டிக் குவளை மலை மாதிரிக் கிடக்கிறது, முதலில் அதைக் கூட்டுங்கள்.

தண்ணீர்மலை_பக்தை:
அண்ணே, பந்தல்காரர்களை இழுக்காதீர்கள். எங்கள் பந்தலில் எவர்சில்வர் டம்ளர்தான்.

பட்டர்வொர்த்_வாசி:
அதைத்தான் நானும் சொல்கிறேன் அக்கா! ஒரு பந்தலில் குறைந்தாலும் குறைந்ததுதான். டிகிரியிலும் அப்படித்தான்: 1.6இல் நிற்பதும் 2.4 வரை போவதும் ஒன்றா? சூடான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். கனமழை வரும்போது அதுவும் சேர்ந்து நம் தலையில்தான் கொட்டும்.

தண்ணீர்மலை_பக்தை:
என் பந்தலை உங்கள் டிகிரிச் சண்டைக்குச் சாட்சியாக்க வேண்டாம். குவளை மலை என்று எழுதியவர் முதலில் அதைத் திரும்பப் பெறட்டும்.

செந்தூல்_நேசன்:
திரும்பப் பெற மாட்டேன். போட்டோ இருக்கிறது.