லைபாக் முதல்ல பாட்டுக் குழுவா, ஓவியக் குழுவா? சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு கேள்வி

பாவடித்தெரு:
எங்க வீட்டுக்குப் பின்னாடி ஆறு விசைத்தறி ஓடுது. ஒரு மாசமா போன்ல பதிவு பண்ணிட்டு இருக்கேன். தறி நாடா அடிக்கிற சத்தம், நூல் தார் சுத்துற மிஷின், கரண்ட் போனதும் எல்லாம் ஒண்ணா அடங்குற நிமிஷம். நாங்க மூணு பேர். ஒருத்தன் வீடியோ எடுக்கிறான், ஒருத்தி வரையுறா. சுவர்ல படம் ஓடணும், கூடவே இந்தச் சத்தம் ஓடணும், அதான் ஆசை. ஆனா கேக்குறவங்க எல்லாரும் "மொதல்ல நாலு பாட்டு போடுங்க, படமெல்லாம் அப்புறம்"ங்கிறாங்க. மிஷின் சத்தம், இரைச்சலை வெச்சுப் பண்ற இண்டஸ்ட்ரியல் இசைன்னா எனக்கு ஸ்லோவேனியா நாட்டோட லைபாக் குழுதான். அவங்க பாட்டுல பேர் வாங்கினப்புறம்தான் ஓவியம், நாடகம்னு போனாங்களா?

ஜங்ஷன்வாசி:
இல்லங்க, தலைகீழ். அவங்களுக்கு முன்னாடி த்ராபிங் கிரிஸில்ங்கிற குழுவோட கதையும் இதேதான். 1969-ல இங்கிலாந்தோட ஹல் நகரத்துல நிகழ்த்துகலைக் குழுவா ஆரம்பிச்சவங்க, 1975-ல பாட்டுக் குழுவா மாறினாங்க. 1976-ல அவங்க தொடங்கின இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்ங்கிற ரெக்கார்டு கம்பெனிலேர்ந்துதான் இந்த இசைக்கே பேர் வந்துச்சு. லைபாக் பத்தி செவ்வாப்பேட்டை அக்கா வந்தா விவரமா சொல்லுவாங்க.

செவ்வாப்பேட்டை அச்சு:
வந்துட்டேன். தம்பி, நான் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வெச்சிருக்கேன். பத்திரிகை, நோட்டீஸ், துணிப்பை. அதனால லைபாக்னாலே என் கண்ணு போஸ்டர் மேலதான் போகும். கதையும் அங்கதான் தொடங்குது.

த்ர்போவ்லியேன்னு ஸ்லோவேனியாவுல ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். அங்க இருக்கிற பழைய அனல்மின் நிலையப் புகைபோக்கி மட்டும் 360 மீட்டர். அந்த ஊர்ல 1980 ஜூன் 1-ம் தேதி குழு உருவாச்சு. அப்ப ஸ்லோவேனியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோ இறந்து ஒரு மாசம்கூட ஆகல. செப்டம்பர்ல ஊர்த் தொழிலாளர் மன்றத்துல கண்காட்சியும் கச்சேரியும் சேர்த்து ஏற்பாடு பண்ணாங்க. ஊரெல்லாம் கறுப்புச் சிலுவை போட்ட போஸ்டர் ஒட்டினாங்க. நிகழ்ச்சி தொடங்குறதுக்கு முன்னாடியே தடை வந்துருச்சு. ஊர்க்காரங்க அவங்க இசையைக் கேக்கவே இல்ல, ஆனா பேரும் குறியும் மனசுல பதிஞ்சுருச்சு.

அந்தப் பேரும் லேசுப்பட்டது இல்ல. லைபாக்ங்கிறது ஸ்லோவேனியாவோட தலைநகரம் லுப்லியானாவோட ஜெர்மன் பேர். நாஜிப் படை ஊரைப் பிடிச்சு வெச்சிருந்த காலத்தை ஞாபகப்படுத்துற பேர். 1983-ல ஒரு டிவி பேட்டிக்கு அப்புறம் அந்தப் பேரைப் பொதுவுல போடவே கூடாதுன்னு தடை. 1987 வரைக்கும் இருந்துச்சு.

1984 டிசம்பர்ல லுப்லியானாவுல ஒரு கச்சேரி வெச்சாங்க. போஸ்டர்ல சிலுவை, இடம், தேதி, அவ்வளவுதான். அடுத்த வருஷம் வந்த முதல் ஆல்பத்தோட அட்டையிலும் குழு பேர் இல்ல. என்கிட்ட யாராவது பேர் இல்லாத நோட்டீஸ் அடிக்க வந்தா "எப்படிங்க கூட்டம் வரும்?"னு கேப்பேன். அவங்களுக்கு வந்துச்சு. நாலு வருஷமா ஓவியத்துல, மேடையில, உடுப்புல அதே குறியைக் கொண்டுபோயிருந்தாங்க.

சத்தமும் அப்படித்தான். தாங்களே கட்டின எலக்ட்ரானிக் கருவி, கிராமபோன், ரேடியோ. அப்புறம் இர்வின்ங்கிற ஓவியர் குழுவும் ஒரு நாடகக் குழுவும் இவங்களோட சேர்ந்து 1984-ல என்.எஸ்.கே.ன்னு (ஜெர்மன்ல 'புதிய ஸ்லோவேனியக் கலை'ங்கிறதோட சுருக்கம்) கூட்டமைப்பு ஆச்சு. 1987-ல லண்டன் மியூட் ரெக்கார்டு கம்பெனி இவங்க ஆல்பத்தை வெளியிட்டுச்சு. 2015-ல வட கொரியா வரைக்கும் போய்ப் பாடிட்டாங்க.

எங்கப்பா வெள்ளைக்கல் சுரங்கத்துல வேலை பார்த்தவர். வேட்டு வெக்கிறதுக்கு முன்னாடி சங்கு ஊதும். சோத்துத் தட்டோட அப்படியே உக்காந்திருப்போம், அம்மா ஜன்னல் கதவைப் பிடிச்சுக்கும். வேட்டுச் சத்தம் எனக்கு மறந்தே போச்சு. சங்குக்கும் வேட்டுக்கும் நடுவுல இருந்த அமைதி இன்னும் காதுல இருக்கு. கரண்ட் போற நிமிஷம்னு எழுதியிருக்கீங்களே, அங்கேர்ந்து தொடங்குங்க தம்பி. நாலு பாட்டு வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

ஆனா லைபாக்கோட சிலுவையையும் சீருடையையும் எடுத்துக்காதீங்க. அது அவங்க ஊர்ப் புண்ணு. அந்த ஊர்க்காரனுக்குச் சுருக்குனு இருந்துச்சு, நம்ம ஊர்ல வெறும் வேஷமாத்தான் தெரியும். உங்க குறி எதுன்னு மூணு பேரும் உக்காந்து யோசிங்க.

கொண்டலாம்பட்டி தறிக்காரர்:
முப்பது வருஷம் தறி ஓட்டினவன் சொல்றேன். ஷெட்டுக்குள்ள நாங்க சைகையிலதான் பேசிக்குவோம். இப்ப வலது காது சரியாக் கேக்காது. ஸ்பீக்கரை முழுசா ஏத்தாதீங்க. அந்தக் கை சைகையையும் படம் எடுங்க, அது யாருக்குமே தெரியாது.

பாவடித்தெரு:
நன்றிங்கக்கா, நன்றிங்கண்ணா. சைகையை நாளைக்கே எடுக்கிறோம், அப்பாவே பண்ணிக் காட்டுறேன்னாரு. வரையுற பொண்ணு வீட்டு அட்டாலியில பழைய ஜக்கார்டு அட்டை ஒரு கட்டு கிடக்குது. அதுக்குப் பின்னாடி விளக்கு வெச்சுப் பார்த்தோம், ஓட்டையெல்லாம் சுவர்ல புள்ளி புள்ளியா விழுது. எந்த இழை மேல தூக்கணும்னு தறிக்குச் சொல்றதும் அதே ஓட்டைதான். அதுதான்க்கா எங்க குறி. போஸ்டர் எத்தனை கலர் போடலாம்?

செவ்வாப்பேட்டை அச்சு:
ஒரே கலர், கறுப்பு. அட்டையைக் கொண்டாங்க, மடிப்பு விழாம.