நீல மாத்திரை ஜன்னல் வழியே போகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் தோழிகளே. அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை நான். வியாழன்தோறும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ள அதே நீல மாத்திரைதான். என் எதிரில் தண்ணீர் குடிக்கிறார்கள், மாத்திரை மட்டும் நாக்குக்கு அடியில்! போன வாரம் ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியடியில் 11 மாத்திரை பொறுக்கினேன். (செடி நன்றாகத்தான் இருக்கிறது.)

குமட்டுகிறதாம். சத்துணவைப் பாதியில் கொட்டிவிட்டு வருபவர்களுக்கு அது நிஜம்தான். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்த ஒருத்தி மொத்த வகுப்பையும் கலைத்துவிட்டாள். அது இரும்பால் வருவது, பயமில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு அம்மா, "பின்னாடி குழந்தை தங்காதாமே டீச்சர்" என்கிறார்.

மிரட்டி விழுங்க வைக்க மனமில்லை. உங்கள் பள்ளியில் பிள்ளைகளை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அம்மாக்களிடம் என்ன பேசினீர்கள்? அடுத்த வியாழனுக்குள் சொன்னால் நல்லது.