உள்ளான் காலில் வளையம்: எண்ணை எப்படிப் படிப்பது?

ஏரிக்கோடி:
வணக்கம். காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் இறங்கி, கருவேலம் நிற்கும் திட்டைச் சுற்றிச் சேறு தெரிகிறது. ஆகஸ்ட் கடைசி ஆயிற்றே, வலசை வரும் கரைப்பறவைகளான பொறி உள்ளானும் கொசு உள்ளானும் வந்துவிட்டன. ஒரு பொறி உள்ளானின் காலில், ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டும் எண் பொறித்த உலோக வளையம் மின்னுகிறது, எண் தெரியவில்லை. கையில் 8க்கு 42 பைனாகுலரும் 400 மி.மீ. லென்ஸும் உண்டு. திட்டுக்கு நடந்தே போய்விடலாமா? எண் கிடைத்தால் யாருக்கு அனுப்புவது?

மதகடி:
நடக்காதீங்க சார். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் உளைச்சேறு, முழங்கால் வரை இழுக்கும். நெடுங்கால் உள்ளானுக்கு இந்தச் சமயத்தில்கூடக் குஞ்சு இருக்கலாம். தாய் எழுந்து போனால் காக்கைக்கும் வெயிலுக்கும் குஞ்சு தப்பாது. ஆள்காட்டி ஒரு தடவை கத்திவிட்டால் நீங்கள் தேடும் பறவையும் கூட்டத்தோடு பறந்துவிடும்.

அந்த பைனாகுலரில் எண் தெரியாது. 20-60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (ஒற்றைக் குழல் தொலைநோக்கி) முக்காலியில் வைத்து, வெயில் முதுகில் விழும்படி உட்காருங்கள். எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும். அப்புறம் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து நெளியும்.

ஒரே படத்தில் முழு எண் கிடைக்காது. வளையம் உருளை, முன்பக்கம் இரண்டு மூன்று இலக்கம்தான் தெரியும். ஷட்டர் 1/1000க்குக் குறையாமல் வரிசையாக எடுங்கள். பறவை திரும்பத் திரும்ப வேறு இலக்கம் முன்னால் வரும். அடுத்தடுத்த படங்களில் ஒரு இலக்கமாவது பொதுவாக இருந்தால்தான் கோக்க முடியும். ஊகித்து நிரப்பினால் வேறு பறவையின் கணக்கில் போய்ச் சேரும்.

கருவேலநிழல்:
அதிகம் பேர் தப்பு செய்வது வளையம் இடக்காலிலா வலக்காலிலா என்று எழுதுவதில். பறவையின் இடக்கால்தான் இடது. அது நம்மைப் பார்த்து நின்றால் அந்தக் கால் நம் வலப்பக்கம் இருக்கும். வளையம் காலின் மடங்கும் மூட்டுக்கு மேலா கீழா என்பதும் முக்கியம், கரைப்பறவைகளுக்கு மேலேயும் போடுவார்கள். வண்ணக் கொடி (காலில் மாட்டும் நிறப் பிளாஸ்டிக் பட்டை) இருந்தால் மேலிருந்து கீழாக நிறத்தை எழுதுங்கள். வெயிலில் மஞ்சள் வெளுத்து வெள்ளையாகத் தெரியும், சேறு ஒட்டினால் எல்லாமே பழுப்பு. அது கால் கழுவும் வரை காத்திருங்கள். மற்றக் காலில் ஒன்றுமில்லை என்றால் அதையும் குறியுங்கள்.

இந்திய வளையத்தில் பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்குத் தெரிவிக்கச் சொல்லும் ஆங்கில வாசகம் இருக்கும். மும்பையில் உள்ள அவர்களுக்கே தேதி, இடம், அட்சரேகை தீர்க்கரேகை, இனம், வெட்டாத மூலப் படங்களோடு அனுப்புங்கள். ‘மாஸ்க்வா’ என்றிருந்தால் ரஷ்ய வளையம், அதையும் அந்த மும்பை சொசைட்டிக்கே எழுதலாம். முதலில் வருவது பெரும்பாலும் வளர்ந்த பறவைகள், இறகு தேய்ந்திருக்கும். அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகள் பின்னால்தான் வரும். அதனால் இறகின் நிலையையும் ஒரு வரி எழுதுங்கள்.

ஏரிக்கோடி:
நன்றி. நண்பர்கள் சேர்ந்து வலை கட்டி நாமே வளையம் போட்டால்?

மதகடி:
கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிப்பதும் வேட்டைதான். தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பழகாத கை வலையிலிருந்து எடுத்தால் இறக்கை முறியும். பழகியவர்களே இந்த வெயிலில் அரை மணிக்குள் வலையைப் பார்த்துவிடுவார்கள், காலை ஏறியதும் சுருட்டிவிடுவார்கள்.

மீன் வலையில் சிக்கிய பறவை கிடைத்தால் நூலை வெட்டி எடுங்கள். வளையத்தைக் கழற்றாமல், எண்ணைச் சுற்றிலும் படமெடுத்து நிழலில் விட்டுவிடுங்கள்.