கறுப்பு-சிவப்பு ஓடுகளில் வெள்ளைப் பூப்பு: என்ன செய்வது?

கேள்வி:
அகழாய்வுக் குழியிலிருந்து எடுத்துக் கழுவி நிழலில் உலர்த்திய கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளில் வெள்ளையாகப் பூக்கிறது, மேற்பரப்பும் செதில் செதிலாக உரிகிறது. துடைத்தால் போதுமா? எந்தப் பசையால் ஒட்டலாம்?

பதில் 1:
அது உப்பு. துடைத்தால் மேலே இருப்பதுதான் போகும். துளைகளுக்குள் இருப்பது ஈரக்காற்றில் கரைந்து, காயும்போது மறுபடி படிகமாகி மேற்பரப்பைத் தள்ளிவிடும். முதலில் ஓட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். மண் குழைந்தால் ஊறவைக்கக் கூடாது. குழையாவிட்டால், உரியும் இடங்களில் அசிட்டோனில் 3–5 சதவீதம் கரைத்த பாரலாய்ட் பி-72 (அக்ரிலிக் பிசின்) தடவி உலரவிட்டு, வலைப்பையில் போட்டுக் காய்ச்சி வடித்த நீரில் அமிழ்த்துங்கள். தினமும் நீரை மாற்றுமுன் கடத்துதிறன் மீட்டரில் (நீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்தலால் காட்டும் கருவி) அளந்து குறியுங்கள். எண் இறங்கி ஒரே நிலையில் நின்றால் போதும். அமிலம் வேண்டவே வேண்டாம். ஓட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பையும் அரித்துவிடும்.

பதில் 2:
உள்புறம் கரியோ உணவுப் படிவோ இருந்தால் அந்த ஓட்டைக் கழுவாதீர்கள். அலுமினியத் தாளில் சுற்றி ஆய்வுக்கு ஒதுக்குங்கள். அதைக் கழுவினால் பானையில் என்ன சமைத்தார்கள் என்ற சான்றே போய்விடும்.

பதில் 3:
ஒட்டவும் பி-72தான், கெட்டியாக, எடையில் பாதிக்குப் பாதி. உடைந்த விளிம்புகளில் முதலில் நீர்த்த கரைசல் தடவிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் ஓடு பசையை உறிஞ்சிவிடும். அடியிலிருந்து மேலே ஒட்டி, மணல் தட்டில் சாய்த்து நிறுத்துங்கள். எபாக்சி, சூப்பர் குளூ தொடவேண்டாம், பிறகு பிரிப்பது பெரும்பாடு. ஒன்று முக்கியம்: பி-72 சுமார் 40 டிகிரியில் இளகும். தகரக் கூரைக் கொட்டகையில் சித்திரை வெயிலுக்குப் பெரிய தாழியின் இணைப்புகள் நழுவும். அங்கே 50 டிகிரி வரை தாங்கும் பாரலாய்ட் பி-48என் என்ற இன்னொரு வகையை எடுங்கள்.