குரோவாசிய மொழி: ஏழு வேற்றுமையையும் அட்டவணையாப் பாடமாக்கத்தான் வேணுமோ?

கொக்குவில்வாசி

ஆசிரியர் இல்லை. இங்கிலிஸில எழுதின பாடப்புத்தகம் ஒண்டை வைச்சுக் குரோவாசிய மொழி படிக்கிறன். பயிற்சிக்கு எழுதின ஐஞ்சும் விடைப்பகுதியோட பாத்தால் பிழை. ஏன் பிழை எண்டு புத்தகத்தில இல்லை. போனில தமிழ் எழுத்துத்தான் இருக்கு, அதால உச்சரிப்பைத் தமிழிலயே போடுறன்.

குளிருது: யா ஸம் ஹ்லதன்
பென்சிலால எழுதுறன்: பீஷெம் ஸ் ஒலொவ்கொம்
அண்ணனைக் காணுறன்: வீதிம் ப்ராத்
ஸாக்ரெபில (குரோவாசியத் தலைநகர்) வேலை செய்யுறன்: ராதிம் உ ஸாக்ரெப்
ஐஞ்சு மணித்தியாலம்: பெத் ஸாத்தா

தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்கோ.

பனங்கூடல்

தம்பி, அட்டவணையை இப்போதைக்கு மூடி வையுங்கோ. இங்கிலிஸ் வசனத்தைச் சொல்லுக்குச் சொல் மாத்தினதுதான் முதல் நாலுக்கும் காரணம். இங்கிலிஸில பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு இல்லாத மாதிரித்தான். தமிழில எட்டு வேற்றுமை இருக்கு, நீங்கள் வாய் திறந்தால் அது தானா வருது. அதில இருந்து தொடங்குங்கோ.

முதலாவது. நாங்கள் "நான் குளிர்" எண்டு சொல்லுறதில்லை, "எனக்குக் குளிருது" எண்டுதான் சொல்லுவம். அவங்களும் அப்பிடித்தான்: ஹ்லத்னோ மி யெ. மி எண்டால் எனக்கு. நீங்கள் எழுதினது, "நான் ஒட்டாத, உணர்ச்சியில்லாத ஆள்" எண்ட மாதிரி விளங்கும். த்ரெபா மி வொதா எண்டால் எனக்குத் தண்ணி வேணும். ஸ்வீஜா மி ஸெ எண்டால் எனக்குப் பிடிச்சிருக்கு. தமிழில "எனக்கு" வாற இடங்களில முதல்ல "மி" போட்டுப் பாருங்கோ, கனக்கச் சரிவரும்.

இரண்டாவது. எங்கட மூண்டாம் வேற்றுமையில ஆல் வேறை, ஓடு வேறை. பென்சிலால எழுதுறம், தம்பியோட போறம். இங்கிலிஸில இரண்டுக்கும் ஒரே சொல் எண்டதால இங்கிலிஸ்காரர் எல்லாரும் இதில விழுவினம். குரோவாசியத்தில கருவிக்கு முன்னால ஒண்டும் வராது, ஈறு மட்டும் மாறும்: பீஷெம் ஒலொவ்கொம். கூடப் போற ஆளுக்குத்தான் "ஸ்" வேணும்: ஸ் ப்ராத்தொம், அண்ணனோட. உங்கட வசனம் நீங்களும் பென்சிலும் சேந்து இருந்து எழுதுற மாதிரி.

நாலாவதில கவனம், இங்க தமிழே காலை வாரும். "உ" எண்ட முன்னிடைச்சொல் இருக்கிற இடத்துக்கும் போற இடத்துக்கும் பொது, ஈறுதான் பிரிச்சுக் காட்டும். பள்ளிக்கூடத்தில எண்டால் உ ஷ்கோலி, பள்ளிக்கூடத்துக்குப் போறதெண்டால் உ ஷ்கோலு. நாங்கள் "க்கு" எண்டு சொல்லுறதால நாலாம் வேற்றுமையைப் போட மனம் வரும். போடாதேங்கோ. போற இடத்துக்கு அவங்கள் போடுறது எங்கட "ஐ" உருபுக்குச் சமனான வடிவம். உங்கட வசனம் ராதிம் உ ஸாக்ரெபு எண்டு வரவேணும். நீங்கள் எழுதின உ ஸாக்ரெப் "ஸாக்ரெபுக்கு" எண்டு ஆகும்.

ஊர்ப்பேரில இன்னொண்டு: -கா எண்டு முடியிற பேருக்கு -இ ஈறு சேரேக்க க் எழுத்து த்ஸ் ஆகும். ரியெக்கா துறைமுக நகரத்தில எண்டால் உ ரியெத்ஸி. உ ரியெக்கி எண்டு எழுதினால் பிழை. வெளிநாட்டுப் பேருகள் சிலது மாறாமல் நிக்கும். எங்கட நாட்டில எண்டதுக்கு உ ஷ்ரி லாங்கி எண்டுதான் சொல்லுவினம்.

கரவெட்டியாள்

மூண்டாவதைப் பனங்கூடல் அண்ணை விட்டிட்டார். "கதிரை வாங்கினன்" எண்டு உருபில்லாமல் சொல்லலாம், "அண்ணன் கண்டன்" எண்டு சொல்லேலாது, "அண்ணனை" எண்டு "ஐ" வேணும். அதே கணக்குத்தான்: வீதிம் ஸ்தொல் (மேசை, மாறாது), வீதிம் ப்ராத்தா (அண்ணன், மாறும்).

ஆனால் இதை உயர்திணை அஃறிணை எண்டு எடுக்காதேங்கோ. நாயும் மாடும் மாறுற பக்கத்திலதான், உயிர் இருக்கோ இல்லையோ எண்டதுதான் கேள்வி. இந்த விதி ஆண்பால் ஒருமைக்கு மட்டும். -ஆ எண்டு முடியிற சொல் உயிர் இருந்தாலும் இல்லாட்டிலும் -ஊ ஆகும்: கவா கவு ஆகும் (கோப்பி), ஸெஸ்த்ரா ஸெஸ்த்ரு ஆகும் (அக்கா).

பால் விசயத்தில தமிழ் ஒரு உதவியும் செய்யாது. மேசை ஆண்பால், தண்ணி பெண்பால், கடல் அலிப்பால். சொல்லின்ர கடைசி எழுத்தைப் பாருங்கோ: மெய்யில முடிஞ்சால் ஆண், -ஆ எண்டால் பெண், -ஓ அல்லது -எ எண்டால் அலி. பெரும்பாலும் சரி. நோச் (இரவு), ஸ்த்வார் (பொருள்) மாதிரி மெய்யில முடியிற பெண்பாலும் இருக்கு, அதுகளைத் தனியாப் பாடமாக்குங்கோ. பெயரடையும் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏத்தமாதிரி மாறும். நாங்கள் "நல்ல" எண்ட ஒண்டை வைச்சே எல்லாத்தையும் ஓட்டுற ஆக்கள், அதால கை பழகக் கொஞ்ச நாள் எடுக்கும்.

கொக்குவில்வாசி

நன்றி அண்ணை, அக்கா. அப்ப ஐஞ்சாவது? "நான்" எண்டதோட வாற துணைவினை "ஸம்", அதை எங்க வைக்கிறதெண்டும் விளங்கேல்லை. வேலை செய்தன் எண்டதுக்கு ஸம் ராதியோ எண்டு எழுதினதும் பிழையாம்.

சுன்னாகம்சந்தி

எண்: ஒண்டுக்கு யெதன் ஸாத். இரண்டு, மூண்டு, நாலுக்கு ஸாத்தா. ஐஞ்சில இருந்து இருபது வரைக்கும் ஸாத்தி. உங்கட விடை பெத் ஸாத்தி. இருபத்தொண்டில திரும்ப ஒருமை ஸாத், இருபத்திரண்டில இருந்து இருபத்துநாலு வரைக்கும் ஸாத்தா. பதினொண்டில இருந்து பதினாலு வரைக்கும் கடைசி இலக்கத்தைப் பாத்து ஏமாறாதேங்கோ, அதுகளும் ஸாத்தி. காசுக்கு இந்தத் தலையிடி குறைவு: 2023 ஜனவரி 1இல இருந்து அங்க யூரோ, இரண்டுக்கும் ஐஞ்சுக்கும் ஒரே வடிவம், எஉரா.

"ஸம்" மாதிரிச் சின்னச் சொல்லுகள் தனிச்சு நிக்காதுகள், முன்னுக்கு ஒரு சொல்லில ஒட்டவேணும். வசனத்தில இரண்டாவது இடம் அதுகளுக்கு. ராதியோ ஸம் சரி. யூச்செர் ஸம் ராதியோ (நேற்று வேலை செய்தன்) சரி. பெண் பேசினால் ராதிலா. "நீஸம்" எண்ட எதிர்மறைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, முதலிலயே வரலாம்: நீஸம் ராதியோ. இப்பிடிச் சின்னச் சொல் கனக்கச் சேந்து வந்தால் வரிசை இது: கேள்விக்குரிய லி, பிறகு ஸம், ஸி போன்ற துணைவினை, பிறகு "க்கு" வடிவம், பிறகு "ஐ" வடிவம், பிறகு ஸெ. அவன், அவள் எண்டதுக்கு வாற துணைவினை "யெ" மட்டும் கடைசியில. அவனுக்கு அதைக் குடுத்தன்: தாஓ ஸம் மு கா. அவர் அவனுக்கு அதைக் குடுத்தார்: தாஓ மு கா யெ.

வினைச்சொல்லைச் சோடியாப் படியுங்கோ. பீஸாத்தி எழுதிக்கொண்டிருக்கிறது (முடியாத வினை), நாபீஸாத்தி எழுதிப்போட்டது (முடிஞ்ச வினை). எங்கட "போடு" துணைவினை கிட்டத்தட்ட அதே வேலை. "இப்ப என்ன செய்யிறாய்?" எண்டு கேட்டால் முடிஞ்ச வினையில மறுமொழி சொல்லேலாது, பீஷெம் எண்டுதான் சொல்லவேணும். தொடங்கினன், விட்டிட்டன் எண்ட வினைகளுக்குப் பின்னாலயும் முடியாத வினைதான் வரும்: பொச்செயோ ஸம் பீஸாத்தி. அகராதியில வினைக்குப் பக்கத்தில ஸ்வ்ர். எண்டு போட்டிருந்தால் முடிஞ்ச வினை, நெஸ்வ்ர். எண்டால் முடியாதது.