ரேடியல் கிளியாவுக்குத் தமிழில் என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கருவில் பெருமூளைப் புறணி (வெளியடுக்கு, அதாவது கார்ட்டெக்ஸ்) உருவாவது பற்றிய பாடத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ரேடியல் கிளியா’ என்ற செல்லின் பெயரில் வந்து முட்டி நிற்கிறேன்.

மூளையின் நடுவே நீர் நிறைந்த அறை இருக்கிறது. அதன் சுவரையொட்டி நரம்பணுக்கள் பிறந்து, அங்கே தங்காமல் மேற்பரப்பை நோக்கி நகர்கின்றன. ரேடியல் கிளியாவின் உடல் உள்சுவரில் இருக்கும். அதன் நீண்ட இழை வெளிப்பரப்பு வரை போகும். நரம்பணு அந்த இழையைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. நரம்பியல் ஆய்வாளர் பாஸ்கோ ராக்கிச் 1972-இல் குரங்குக் கருவின் மூளையில் இதைக் காட்டினார். பழைய பதிப்பில் ‘ஆரப்பசைச் செல்’ என்று இருக்கிறது. படித்தால் கோந்து டப்பாதான் நினைவுக்கு வருகிறது.

நிரலாளர் எழுதியது:

‘ஆரக் கிளியா’ என்றே விட்டுவிடலாமே. மாணவர் நாளை மேற்படிப்பில் அந்தச் சொல்லைத்தானே பார்க்கப் போகிறார்?

தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, வகுப்பில் ‘ஆரக் கிளியா’ என்று கேட்டுப் பாருங்கள். கடைசி வரிசையிலிருந்து ‘இல்லை ஐயா, மைனா’ என்று பதில் வரும். ‘புறணி’க்கே பிள்ளைகள் சிரிக்கிறார்கள், யார் யாரைப் பற்றிப் புறணி பேசினார் என்று.

கொடி பற்றி ஏற நடும் கொம்புக்குக் கொழுகொம்பு என்று பெயர். நீங்கள் சொன்ன வேலை அச்சொட்டாக அதுதான். ‘கொழுகொம்பணு’ எனலாம். கொளுவுதல் என்றால் மாட்டுதல், பற்றுதல். கொளுகொம்பே கொழுகொம்பு ஆயிற்று என்பது என் துணிபு.

மொழி ஆர்வலர் எழுதியது:

ஐயாவின் துணிபை ஏற்க இயலவில்லை. கொழுத்தல் என்பது செழித்தல். கொடி கொழுக்க உதவும் கொம்பு, ஆகவே வினைத்தொகை. அதனால்தான் ‘க்’ மிகவில்லை. கொளு என்று கொண்டாலும் மிகாது என்பீர்கள்; அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.

நரம்பியல் மருத்துவர் எழுதியது:

இலக்கணத்துக்குள் நான் வரவில்லை. பொருளில்தான் சிக்கல். ரேடியல் கிளியா வெறும் ஏணி என்று நெடுங்காலம் நம்பினோம். 2000-ஐ ஒட்டி வந்த ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன. நரம்பணுவைப் பெறுவதே இந்தச் செல்தான். அது பிளவுபடுகிறது, ஒரு மகள் செல் தாயாகவே நிற்க, மற்றது நரம்பணுவாகித் தன் தாயின் இழையைப் பிடித்தே ஏறுவதும் உண்டு. எந்தக் கொழுகொம்பு கொடியைப் பெற்றெடுக்கிறது?

இன்னொன்று. எல்லா நரம்பணுக்களும் இப்படி ஏறுவதில்லை. மற்ற நரம்பணுக்களின் செயலை அடக்கும் வகையைச் சேர்ந்தவற்றில் பல, மூளையின் கீழ்ப்பகுதியில் பிறந்து பக்கவாட்டில் நடந்து வருகின்றன. பாடத்தில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வரியைச் சேர்த்துவிட்டேன் டாக்டர், நன்றி. அப்படியானால் ‘விழுது’? ஆலமரம் பெற்றது, ஆலமரத்தையே தாங்குவது.

நரம்பியல் மருத்துவர் எழுதியது:

அழகுதான். ஆனால் விழுது மேலிருந்து கீழே இறங்கும், இந்த இழை உள்ளிருந்து வெளியே போகும். உறவும் தலைகீழ்: இங்கே தாங்குவது தாய், ஏறுவது பிள்ளை. திசையைக் குழப்பினால் பாடத்தின் உயிர்நாடியே போய்விடும். புறணியின் ஆறு அடுக்குகளில் ஆழத்தில் இருப்பவை முதலில் பிறந்தவை. பிந்திப் பிறந்தவை அண்ணன்மாரைத் தாண்டிப் போய் மேலே உட்காருகின்றன. மேல் அடுக்கு மட்டும் விலக்கு. அங்கே முன்கூட்டியே வந்துவிடும் கஹால்-ரெட்சியஸ் செல்கள் ரீலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ரீலின் இல்லாத எலிகளில் இந்த அடுக்குமுறையே குலைந்துபோகிறது.

தமிழாசிரியர் எழுதியது:

உள், புறம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கார்ட்டெக்ஸ் என்றால் இலத்தீனில் மரப்பட்டை. தொல்காப்பியம் மரபியலில் ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்கிறது. வயிரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். பெருமூளையில் சாம்பல் நிறப் பகுதி வெளியே, வெண்பகுதி உள்ளே. தண்டுவடத்தில் அதுவே மாறிக் கிடக்கிறது. சாம்பலைக் காழ் என்று கொண்டால் மூளை புல், தண்டுவடம் மரம்! ‘புறணி’யை விட்டுப் ‘புறக்காழ்’ என்று வைத்தால் என்ன?

நிரலாளர் எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

மொழி ஆர்வலர் எழுதியது:

காழ் என்றால் வயிரம், கடினமானது. குழைந்த மூளைக்குப் பொருந்துமா? நிற்க. ‘ஆரம்’ வடசொல்லா தமிழா என்று யாரும் கேட்கவில்லையே.

நரம்பியல் மருத்துவர் எழுதியது:

தயவுசெய்து கேட்க வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. ‘கிளியா’ என்ற பெயரே ஒரு பிழை. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ஃபிர்கோ அதை நரம்புகளை ஒட்டவைக்கும் பசை என்று கருதிப் பெயர் வைத்தார். அவருடைய பிழையை நாம் ஏன் ‘பசை’ என்று மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டும்? அந்த வகையில் கொழுகொம்பு மேல், பாதியாவது உண்மை. முழுதும் வேண்டுமென்றால் ‘தாய்க்கொம்பு’.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘தாய்க்கொம்பு’ என்றால் மாடு முட்ட வருகிறது டாக்டர். மன்னிக்கவும்.

இதுவரை கொழுகொம்பணுவுக்கு நால்வர், கிளியாவுக்கு இருவர், தாய்க்கொம்புக்கு ஒருவர். ‘கொழுகொம்பணு’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் ‘ரேடியல் கிளியா எனப்படும்’ என்று சேர்த்து, ‘இவையே நரம்பணுக்களை ஈனவும் செய்கின்றன’ என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிட்டேன்.

நரம்பியல் மருத்துவர் எழுதியது:

சரி. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பெற்றவளைக் கம்பு என்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அடுத்த பக்கத்தில் ‘சப்பிளேட்’ வருகிறது. மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் என்ற பகுதியிலிருந்து வரும் இழைகள் புறணிக்குள் நுழையும் முன் வாரக்கணக்கில் காத்திருக்கும் இடம். ‘அடித்தட்டு’ என்று போடலாமா?

தமிழாசிரியர் எழுதியது:

அடித்தட்டு மக்கள் என்று படிப்பார்கள் அம்மா. காத்திருக்கும் இடம் என்றால் ‘திண்ணை’ இருக்கிறதே. திண் என்ற வேரிலிருந்து...