பழைய மாடல் ஸ்மார்ட்வாட்ச், பாதி விலை: வாங்கலாமா? சேலத்துக்காரர்களின் அனுபவப் பகிர்வு

அஸ்தம்பட்டியிலிருந்து:

அப்பாவுக்கு 71 வயது. செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருடம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மா போன பிறகும் அதே வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார், எங்களோடு வர மாட்டேன் என்கிறார். காலை ஐந்து மணிக்கு நடக்கக் கிளம்பி, டீ குடித்து, பேப்பர் படித்துவிட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புவார். போன வருடம் சித்திரையில் ஒரு நாள் ஒன்பது மணி ஆகியும் வரவில்லை. பழைய பட்டறைக் கூட்டாளி ஒருவரைப் பார்த்துப் பேசிக்கொண்டு இருந்துவிட்டார், அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கீழே விழுந்தால் தானாகத் தகவல் சொல்லும் வாட்ச் ஒன்று வாங்கிக் கட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடை. புது மாடல் முப்பதாயிரத்தைத் தாண்டியது. கடைத் தம்பி உள்ளே போய் வேறொரு பெட்டி எடுத்து வந்தார். "அக்கா, இது மூணு வருஷத்துக்கு முந்தின மாடல். வந்தப்போ இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல. சீல் பிரிக்காத பீஸ், பத்தாயிரத்துக்குத் தரேன்." விழுந்தா தெரியுமா தம்பி என்று கேட்டேன். "தெரியும்க்கா" என்றார். வாங்கிவிட்டேன்.

வீட்டில் பிரித்தால் வாட்ச்சில் உயிரே இல்லை. சார்ஜரில் வைத்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரையில் வெளிச்சம் வந்தது. அதுவரை சும்மா இருக்க முடியாமல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் அடியில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். தயாரித்த மாதமும் வருடமும் அதில் அச்சாகி இருக்கும், நம் நாட்டில் பொட்டலப் பொருளுக்கு அது பொதுவாகக் கட்டாயம். கணக்குப் போட்டால் 34 மாதம். அத்தனை மாதமும் அந்த பேட்டரி எங்கோ ஒரு குடோனில், நம்ம ஊர் வெயில் மாதிரி வெயிலில், சார்ஜ் இல்லாமல் கிடந்திருக்கிறது. லித்தியம் பேட்டரி பயன்படுத்தாவிட்டாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். சூடு அந்த வயதைக் கூட்டும். முழுக்க வடிந்துபோய் நெடுநாள் கிடந்தால் பழைய கொள்ளளவு திரும்பி வராது. சீல் பிரிக்கவில்லை என்றால் திரையில் கீறல் இருக்காது என்று சொல்லலாம். பேட்டரி புதிது என்று சொல்ல முடியாது.

காலை ஐந்து மணிக்கு 100 இருக்கும், மதியம் இரண்டுக்கு 30. சாப்பிட்டுவிட்டு சார்ஜில் போடுவார், திரும்பக் கட்ட மறந்துவிடுவார். இதைக்கூடப் பழக்கிவிடலாம் என்று இருந்தேன். பெரிய பிழை வேறு இடத்தில் இருந்தது. அப்பா நடக்கப் போகும்போது போனை எடுத்துப் போக மாட்டார், அது சாமி அலமாரியில் இருக்கும். நான் வாங்கியது சிம் இல்லாத, புளூடூத் மட்டும் உள்ள வாட்ச். போன் பக்கத்தில் இல்லையென்றால் அதனால் யாரையும் கூப்பிட முடியாது. கடைத் தம்பி சொன்னது பொய் இல்லை. விழுந்தால் வாட்ச்சுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம், தெருக்குழாய் பக்கம் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். "கையில என்னமோ துடிச்சுதும்மா, எதை அமுக்கறதுன்னு தெரியல" என்றார் பிறகு. பூ விற்கிற அம்மா ஒருவர் தூக்கி உட்கார வைத்து, சட்டைப் பையில் இருந்த துண்டுச் சீட்டில் என் நம்பரைப் பார்த்து போன் செய்தார். அந்தச் சீட்டு அம்மா இருந்தபோது எழுதி வைத்தது. முட்டியில் சிராய்ப்போடு போனது.

இப்போது வேறொரு கடையில் போன வருட மாடல், சிம் போடுகிற வகை, நல்ல தள்ளுபடியில் வருகிறது. மறுபடியும் பழைய மாடல்தான். பயமாக இருக்கிறது. வாங்கி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

அக்கா, அப்பா தப்பிச்சதே பெரிய விஷயங்க. என் கதை கொஞ்சம் வேற, ஆனா சொல்லணும்.

நான் இங்க ஒரு காப்பித் தோட்டத்துல மேற்பார்வை வேலை. மாமா பையன் கட்டி மூணு வருஷமான வாட்ச்சை ஆறாயிரத்துக்கு வாங்கினேன். எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம்தான். மழைல போனை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ளே வெச்சிருப்பேன், கூப்பிடறது யாருன்னு கையிலேயே தெரியணும். அப்புறம் உயரம். காத்தழுத்தத்தை வெச்சு உயரம் காட்டற சென்சார் அதுல இருந்துச்சு. அடிவாரத்துல இருந்து வண்டியில வரும்போது 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டித் தாண்டி அந்த நம்பர் ஏறறதைப் பார்க்க எனக்கு இன்னைக்கும் ஆசை. மேல வந்து சேர்ந்தா 1,500 மீட்டர் பக்கம் காட்டும். ஒரு தடவை புயல் சின்னம் வந்தப்போ ஷெட்டுல நின்ன இடத்துலயே முப்பது மீட்டர் கூடுதலா காட்டுச்சு. அழுத்தம் இறங்கினதை நான் மலை ஏறிட்டதா அது எடுத்துக்குது. காத்தழுத்தம் ஒரு மில்லிபார் இறங்கினா, இந்த உயரத்துல பத்து மீட்டர் பக்கம் கூடுதலா காட்டும்னு வெச்சுக்கங்க. அதுக்கப்புறம் மழை வர்றதை அதை வெச்சே ஓரளவு சொல்லிடுவேன்.

நாடித் துடிப்பை மட்டும் காலைக் குளிர்ல நம்பாதீங்க. பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள்ள விட்டு, ரத்த ஓட்டத்துல அது எவ்வளவு திரும்பி வருதுன்னு பார்த்துத்தான் கணக்குப் போடுது. மார்கழியில கை விறைச்சிருக்கும்போது தோல்ல ரத்தம் குறைவு. சும்மா நின்னுட்டு இருக்கும்போதே 150னு காட்டியிருக்கு.

கெட்டது எப்படின்னு சொல்றேன். பின்னாடி 5 ஏடிஎம்னு பொறிச்சிருந்துச்சு, 50 மீட்டர் ஆழத்துத் தண்ணி அழுத்தம் தாங்கும்னு அர்த்தம். அது புதுசா இருக்கும்போது சோதிச்சது. ஐப்பசி மழை பிடிச்சு நாலாவது நாள் காலையில கண்ணாடிக்கு உள்பக்கம், நாம மூச்சு விட்டா படியுமே, அந்த மாதிரி ஒரு படலம். வெயில் வந்ததும் ஓரத்துல பிறை மாதிரி சுருங்குச்சு. சாயந்திரம் மறுபடி பரவுச்சு. ரெண்டு நாள்ல நான் தொடாமலே திரை தானா நகர ஆரம்பிச்சுது, அத்தோட போச்சு. கீழே சேலத்துல பிரிச்சுப் பார்த்தவர் ஓரத்துப் பசை காய்ஞ்சு ஒரு பக்கம் விட்டுருச்சுன்னு காட்டினார். தண்ணி தாங்கற திறன் நிரந்தரம் இல்ல, நாள்பட நாள்பட குறையும்னு ஆப்பிளே தன் வாட்ச்சுக்குச் சொல்லுது. சோப்பு, வேர்வை, கீழ விழற அடி எல்லாம் அந்தப் பசையைத்தான் தின்னும்.

பதினாலு மாசம் உழைச்சுது. ஆறாயிரத்துக்கு எனக்கு வருத்தம் இல்ல, கெட்டா எனக்கு ஒரு நம்பர்தான் போச்சு. அப்பா விஷயம் அப்படி இல்லீங்க. கைமாறின வாட்ச் மட்டும் வேண்டாம். சிம் போட்டாலும் மலைப்பாதை பக்கம் அப்பா வந்தா நம்பிடாதீங்க, பல வளைவுல போனுக்கே டவர் இருக்காது.

சூரமங்கலத்திலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன் அக்கா. நான் நாலாயிரத்துக்கு ஆப்பிள் சீரிஸ் 3 ஒன்று வாங்கக் கை நீட்டிவிட்டேன், நண்பன் தடுத்தான். 2017ல் வந்த வாட்ச் அது, 2022 வரை கடையில் விற்றார்கள். அதே 2022ல் வந்த வாட்ச்ஓஎஸ் 9, அதாவது ஆப்பிள் வாட்ச்சை இயக்கும் மென்பொருளின் புதுப் பதிப்பு, அதற்குக் கிடையாது. கடைசி நாளில் முழு விலை கொடுத்து வாங்கியவருக்கும் அதே கதிதான். 2024ல் வாட்ச்ஓஎஸ் 11 வந்தபோது சீரிஸ் 4, சீரிஸ் 5, முதல் எஸ்இ மூன்றுக்கும் புதுப் பதிப்பு வருவது நின்றுபோனது. அதனால் ஆப்பிளில் வாங்கினால் சீரிஸ் 6க்குக் கீழே இறங்க வேண்டாம். கைமாறியது என்றால் பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு விழுந்து பயன்படாது.

போன் எது என்பதை முதலில் பாருங்கள். ஆப்பிள் வாட்ச்சுக்கு ஐபோன் கட்டாயம். சாம்சங்கில் 2021ல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் உள்ளே இருக்கும் மென்பொருள் கூகுளின் வேர் ஓஎஸ், அவை ஐபோனோடு சேராது. அதற்கு முந்தையவை டைசன் என்ற சாம்சங்கின் பழைய மென்பொருளில் ஓடுபவை, எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஃபாசில் 2024 ஜனவரியில் ஸ்மார்ட்வாட்ச் தொழிலையே விட்டுவிட்டது. தள்ளுபடியில் கிடக்கும் அதன் வாட்ச்சுகள் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

பேட்டரிக்கு ஒரு கணக்கு: 1,000 முழு சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதம் வரை நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் மூன்று வருடத்துக்குள் 1,000 ஆகிவிடும்.

அஸ்தம்பட்டியிலிருந்து, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன், போன வருட மாடல்தான். இந்த முறை விலை பேசும் முன் பெட்டியைத் திருப்பினேன். தயாரித்து எட்டு மாதம். அப்பாவையும் அவர் போனையும் கையோடு கூட்டிப் போயிருந்தேன், அந்த போனோடு சேர்த்துக் காட்டிய பிறகுதான் பணம் கொடுத்தேன். அவருடைய நம்பரிலேயே வாட்ச்சும் பேச இ-சிம் வேண்டும், அதாவது அட்டை போடாமல் வாட்ச்சுக்குள்ளேயே பதிகிற சிம். அப்பாவின் ரீசார்ஜ் திட்டத்தில் அந்த வசதி இல்லை என்றார்கள், திட்டத்தை மாற்ற வேண்டி வந்தது. வாங்குகிறவர்கள் இதைக் கடையில் கேட்காதீர்கள், சிம் நிறுவனத்திடம் கேளுங்கள். விழுவதைக் கண்டறியும் வசதி அணைந்த நிலையில் இருந்தது, அதையும் தேடி எப்போதும் இயங்கும்படி வைத்தேன். ஆபத்துக்கு அழுத்தும் பொத்தானை மூன்று நாள் சாயந்திரம் உட்கார்ந்து அப்பாவுக்குப் பழக்கினேன்.

நேற்றுக் காலை ஐந்தே முக்காலுக்கு அப்பா நம்பரிலிருந்து அழைப்பு. பதறிப்போய் எடுத்தால், பின்னால் டீ ஆற்றுகிற சத்தம். "ஏம்மா, கேக்குதா? போன் வீட்லதான் இருக்கு" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

குளிக்கும்போது கழற்றி வைக்கச் சொல்லிவிட்டேன். ஏற்காட்டுத் தம்பி சோப்பைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு அதைக் கட்டிக்கொண்டு குளிக்கச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வழுக்குவது அங்கேதானே. குளியலறைச் சுவரில் ஸ்டீல் கைப்பிடி பதிக்கக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.